வாசகர் கேள்வி–பதில்: இரண்டு மூன்று மாதத்துக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீடு

மனைவிக்கு நவம்பர் நடுவில் பிரசவம். கோயம்புத்தூரிலிருந்து மாமனாரும் மாமியாரும் நவம்பர் 1 வந்து ஜனவரி 10 வரை இருப்பார்கள். நாங்கள் இருப்பது ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட். பக்கத்திலேயே அவர்களுக்கு ஒரு சின்ன ஃபிளாட் பார்க்கிறோம். 12 மாத ஒப்பந்தம் இல்லை என்றால் ஏஜென்டுகள் பேசவே மறுக்கிறார்கள். ஆன்லைனில் நாள் கணக்கில் கேட்கிற வாடகையோ தலைசுற்ற வைக்கிறது. வேறு வழி இருக்கிறதா?
— வாசகர், சிட்னம்

இருக்கிறது. ஏஜென்ட் ஏன் முகத்தைத் திருப்புகிறார் என்று முதலில் பாருங்கள். ஆள் தேடுவது, கிரெடிட் பார்ப்பது, ஒப்பந்தம் எழுதுவது, உள்ளே விடும்போதும் வெளியே அனுப்பும்போதும் வீட்டைச் சோதிப்பது என்று 12 மாத வாடகைக்கு என்ன வேலையோ அதேதான் இரண்டரை மாதத்துக்கும். கமிஷன் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு. போதாக்குறைக்கு உங்கள் மாமனாருக்கு இந்த ஊரில் சம்பளச் சீட்டும் இல்லை, கிரெடிட் வரலாறும் இல்லை. நாள் வாடகைக்கு விடுகிறவரின் கணக்கு வேறு. அவர் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து கடற்கரைக்கு வருகிற கூட்டத்தை நம்பி வருஷத்தை ஓட்டுகிறவர். நீங்கள் கேட்கிற 10 வாரத்தில் அவருடைய அறுவடைக் காலம் முழுசாக மாட்டிக்கொள்கிறது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் நீங்கள் தேட வேண்டும்.

முதல் காரியம், ஒப்பந்தத்தை உங்கள் பெயரில் போடுங்கள். வாடகைதாரர் நீங்கள், குடியிருப்பவர்கள் மாமனார் மாமியார் என்று இரண்டு பெயரையும் பாஸ்போர்ட் எண்ணோடு எழுத வேண்டும். உங்கள் மூன்று மாத வங்கிக் கணக்கும் சம்பளச் சீட்டும் போதும், கிரெடிட் பிரச்சினை அதோடு தீர்ந்தது. வீட்டுக்காரர் அவர்களுடைய விசா நகலைக் கேட்டால் தப்பாக நினைக்காதீர்கள். முறையான அனுமதி இல்லாமல் தங்குகிற வெளிநாட்டவருக்கு வீடு விடுவது குடிவரவுச் சட்டப்படி குற்றம். வருகையாளர் விசா அதிகபட்சம் 90 நாள், உங்கள் 10 வாரம் அதற்குள் அடங்குகிறது. விசா கைக்கு வரும்வரை திருப்பித் தராத பணம் எதையும் கட்ட வேண்டாம்.

இரண்டாவது, கடற்கரையை மறந்துவிடுங்கள். நார்த் பீச், பாயின்ட், உம்ஷ்லாங்கா பக்கம் டிசம்பர் விலை ஏறும். சிட்னம், ஓவர்போர்ட், ஆஷர்வில் பக்கம் அந்தக் கூட்டம் வராது, விலையும் அவ்வளவாக ஏறாது. இங்கே பார்க்க வேண்டியவை வீட்டோடு ஒட்டிய கிரானி ஃபிளாட், பின்கட்டு அவுட்பில்டிங், சொந்தக்காரரே விளம்பரம் போட்ட சாமான்களோடு கூடிய ஃபிளாட். விற்பனைக்குப் போட்டுக் காலியாகக் கிடக்கிற ஃபிளாட்டும் நல்ல வேட்டைதான். இந்த நாட்டில் பத்திர மாற்றம் முடிய இரண்டு மூன்று மாதம் சாதாரணமாக ஆகும், அதுவரை லெவி (கட்டடப் பராமரிப்புக் கட்டணம்) கட்டிக்கொண்டிருக்கிற உரிமையாளருக்கு உங்கள் வாடகை இனிக்கும். கோயில் அறிவிப்புப் பலகை, பேட்டை வாட்ஸ்அப் குழு, மூலைக்கடைக் கண்ணாடியில் ஒட்டின காகிதம் ஆகிய மூன்றையும் குறைத்து எடை போடாதீர்கள். கிரானி ஃபிளாட்டில் பாதி ஆன்லைனுக்கே வராது.

விளம்பரத்தில் "ஸ்பார்க்ஸ் ரோடு" என்று இருக்கும், மேப்பில் மோசஸ் கொட்டானே ரோடு என்று வரும். "கௌவி ரோடு" இப்போது ப்ராப்ளம் ம்கிஸே. இரண்டு பெயரையும் போட்டுத் தேடினால்தான் முழுப் பட்டியல் கிடைக்கும். தூரத்தை மேப்பில் மட்டும் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. பெரியா (Berea) மேட்டுப் பகுதியின் சரிவில் 600 மீட்டர் என்பது முழங்கால் வலி உள்ள மாமியாருக்கு 600 மீட்டர் அல்ல. பத்திய ரசத்தைத் தூக்கிக்கொண்டு தினம் இரண்டு தடவை யார் ஏறி இறங்கப் போகிறார்கள் என்று யோசித்துத் தெருவைத் தேர்ந்தெடுங்கள்.

பேரம் பேசும்போது மாத வாடகையாகவே பேசுங்கள். எண்கள் கணக்குக்காகத்தான்: நாளுக்கு 1,000 ராண்ட் என்றால் 70 நாளுக்கு 70,000. மாதம் 13,000 என்றால் இரண்டரை மாதத்துக்கு 32,500, அதோடு மின்சாரம். ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் 28 இரவோ அதற்கு மேலோ எடுத்தால் பல உரிமையாளர்கள் மாதத் தள்ளுபடி வைத்திருப்பார்கள். ஆனால் அந்த நீண்ட முன்பதிவுக்கு ரத்து விதியும் வேறு. நடுவில் கிளம்பினால் அடுத்த 30 நாள் வாடகை போய்விடலாம், பணம் கட்டும் முன் அதைப் படித்துவிடுங்கள். வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவுள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட் என்றால் இன்னொன்றும் கேளுங்கள். எல்லாம் சேர்ந்த கட்டணத்தில் தொடர்ந்து 28 நாளைத் தாண்டித் தங்கினால் அந்தக் கட்டணத்தில் 60 சதவீதத்துக்கு மட்டுமே 15 சதவீத வாட். முன்மேசையில் இருக்கிற பிள்ளைகளுக்கே சில சமயம் இது தெரிவதில்லை.

கடைசியாக, "நவம்பர் 1 முதல் ஜனவரி 10 வரை, ஒரே வாடகை" என்று எழுத்தில் வாங்குங்கள். "டிசம்பர் வரும்போது பார்த்துக்கலாம்" என்று சொல்கிறவர் டிசம்பர் 10ஆம் தேதி வேறு விலை சொல்வார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்த வாரத்தில் வீடு தேட முடியாது. கட்டட வேலைக்காரர்களும் பிளம்பர்களும் டிசம்பர் நடுவில் கடையைச் சாத்தி ஜனவரியில்தான் திறப்பார்கள். அந்த மூன்று வாரத்தில் கீசர் வெடித்தால் யாரைக் கூப்பிடுவது, செலவு யாருடையது என்று பெயரும் எண்ணும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

மஸ்கிரேவில் சாமான்களோடு இரண்டு படுக்கையறை, கடல் தெரிகிறது, வாடகையும் கொள்ளை மலிவு. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம், டெபாசிட் கட்டினால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். நம்பலாமா?
— வாசகி, ஃபீனிக்ஸ்

நம்பாதீர்கள் அம்மா. சாவி கூரியரில் வரும் என்றாலே ஏமாற்று. படங்களைப் பழைய விற்பனை விளம்பரத்திலிருந்து எடுத்திருப்பார்கள். ஒரு படத்தைக் கூகுளில் படத்தேடலில் போடுங்கள், அதே சமையலறை வேறு ஊரில் வேறு விலையில் நிற்கும்.

ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு யாராவது நேரில் வந்தால் அவருடைய ஃபிடிலிட்டி ஃபண்ட் சான்றிதழை (ஏஜென்டாகத் தொழில் செய்வதற்கான சான்று) கேளுங்கள். 2019ஆம் வருஷத்து 22ஆம் எண் சட்டப்படி, அது கையில் இல்லாமல் யாரும் கமிஷன் வாங்க முடியாது. சொத்துத் தொழில்புரிவோர் ஒழுங்குமுறை ஆணையத்தின் (PPRA) தளத்தில் பெயரைப் போட்டு நீங்களே சரிபார்க்கலாம். டெபாசிட் அவருடைய டிரஸ்ட் கணக்குக்கு (வாடிக்கையாளர் பணத்துக்கான தனிக் கணக்கு) போக வேண்டும், சொந்தக் கணக்குக்கு அல்ல. நேரடி உரிமையாளர் என்றால் பத்திரப் பதிவகத்தில் சின்னக் கட்டணத்துக்கு உரிமையாளர் பெயர் கிடைக்கும். அந்தப் பெயரும் அவருடைய அடையாள அட்டையும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தச் சோதனையில் எல்லாம் சிக்காத ஒரு ஏமாற்று வகையும் உண்டு. ஒருவர் அந்த ஃபிளாட்டை நாலு நாளைக்கு நாள் வாடகையில் எடுத்து, அதே சாவியால் பத்துப் பேருக்கு வீட்டைக் காட்டி, பத்துப் பேரிடமும் டெபாசிட் வாங்கிக்கொண்டு போய்விடுவார். வீடு நிஜம், சாவி நிஜம், ஆள் மட்டும் பொய். இதற்கு மருந்து, கீழே செக்யூரிட்டியிடமோ கட்டட மேலாளரிடமோ "இந்த எண் ஃபிளாட் யாருடையது, இவர் யார்?" என்று கேட்பதுதான். கேட்கக் கூச்சப்படுகிறவர்களை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

மூன்று மாதம் இருந்துவிட்டுக் காலி செய்தேன். சமையல் மேடையில் மஞ்சள் கறை, அடுப்புக் கண்ணாடியில் கீறல் என்று சொல்லி வீட்டுக்காரர் டெபாசிட் முழுவதையும் பிடித்துக்கொண்டார். உள்ளே போகும்போது எதையும் எழுதி வாங்கவில்லை. இனி வழி இல்லையா?
— வாசகர், ஓவர்போர்ட்

எழுதி வாங்காதது உங்களுக்கு மட்டும் பாதகம் என்று நினைக்கிறீர்கள். வீட்டுக்காரருக்கும்தான் பாதகம்.

1999ஆம் வருஷத்து 50ஆம் எண் வாடகை வீட்டுச் சட்டம் சொல்வது இது. நீங்கள் குடிபோகும் முன் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்த்துக் குறைகளை எழுத வேண்டும். ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மறுபடியும் இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். உங்களைக் கூப்பிட்டு அந்தக் கடைசிச் சோதனையை அவர் செய்யவில்லை என்றால், வீடு நல்ல நிலையில் இருந்ததாக அவரே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். டெபாசிட்டை வட்டியோடு முழுசாகத் தர வேண்டியதுதான். டெபாசிட் வட்டி வரும் கணக்கில் இருந்திருக்க வேண்டும், கேட்டால் அதற்குச் சான்றும் காட்ட வேண்டும்.

நாள் கணக்கும் சட்டத்திலேயே இருக்கிறது. பிடித்தம் எதுவும் இல்லை என்றால் 7 நாளில் பணம். பழுது பார்த்தார் என்றால், நீங்கள் வீட்டைத் திருப்பி ஒப்படைத்த 14 நாளுக்குள் மீதி, ரசீதுகளோடு. கூப்பிட்டும் நீங்கள் சோதனைக்குப் போகவில்லை என்றால் 21 நாள். ரசீது இல்லாத பிடித்தத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் இந்தச் சட்டத்தைச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லை என்றால் குவாசூலு-நட்டால் வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் புகார் கொடுங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. அதன் தீர்ப்புக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவின் பலம் உண்டு.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் வீட்டுக்காரர் சொன்ன இரண்டு குறையும் நம் சமையலில் நிஜமாகவே வருகிறவைதான். கண்ணாடி அடுப்பில் இரும்புத் தோசைக்கல்லை வைப்பதால் கீறல் விழுவதில்லை, இழுப்பதால் விழுகிறது. அடியில் ஒரு மணல் துகள் இருந்தாலே வெள்ளைக் கோடு விழும். ஒரு கண்ணாடித் தகட்டை மாற்றினால் டெபாசிட்டில் பெரிய பங்கு போய்விடும். குறுகிய காலம்தானே, தட்டையான அடியுள்ள ஒரு நான்ஸ்டிக் கல்லை வாங்கிக்கொள்வது மலிவு. அடுப்பு இண்டக்‌ஷன் என்றால் அலுமினிய இட்லிப் பானை சூடேறாது, குழியான வாணலியும் உதவாது. காந்தம் ஒட்டுகிற பாத்திரம் வேண்டும், வீடு பார்க்கப் போகும்போதே பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். வெள்ளை மேடையில் மஞ்சள் பட்டால் அன்றைக்கே சோடா உப்பைக் குழைத்துப் பூசிப் பத்து நிமிஷம் விட்டுத் துடையுங்கள். மீதிச் சாயல் வெயில் பட்டால் வெளுத்துவிடும். ஜன்னலோர மேடை என்றால் திரையை விலக்கி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்த வீட்டுக்குப் போகும்போது முதல் நாளே, பெட்டியைத் திறக்கும் முன், ஒரே வீடியோவாக வீடு முழுவதையும் எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். டர்பன் ஈரப்பதத்தில் தவறாமல் தெரிகிற இடங்கள் சில உண்டு: குளியலறைக் கூரையின் பூஞ்சை, துணி அலமாரியின் பின்பலகை, கடல் பக்க ஜன்னல் கீலில் துரு, மஸ்கிரேவ், கிளென்வுட் பழைய ஃபிளாட்களின் பார்கே மரத்தரையில் தண்ணீர்க் கறை. இந்த நாலையும் கிட்டத்தில் எடுங்கள்.

ப்ரீபெய்டு மீட்டர் உள்ள ஃபிளாட்டுக்குப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்? மாதத்தில் எவ்வளவு மின்சாரம் போகும்?
— வாசகி, ரிசர்வோர் ஹில்ஸ்

சாவி வாங்கும் போதே மீட்டர் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயே நின்று 20 ராண்டுக்கு ஒரு டோக்கன் வாங்கி அந்த 20 இலக்கத்தை அடித்துப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் சரி. மறுத்தால் வீட்டுக்காரர் பொறுப்பில் சரிசெய்த பிறகு குடிபோங்கள். 2024 நவம்பர் 24க்கு முன் மறுகுறியீடு செய்யாத (புதுக் குறியீட்டுக்கு மாற்றாத) மீட்டர்கள் புது டோக்கனை ஏற்பதில்லை. காலியாகப் பூட்டிக் கிடந்த ஃபிளாட்களில் இது இன்னும் தலைகாட்டுகிறது. முந்தைய ஆளின் பாக்கி அந்த எண்ணில் நிற்கிறதா என்றும் கேளுங்கள், நீங்கள் வாங்கும் டோக்கனிலிருந்தே பிடிக்கப் பார்ப்பார்கள். மீட்டர் மாநகராட்சியுடையதா, கட்டடத்தின் தனியார் துணை மீட்டரா என்பதும் முக்கியம். தனியார் என்றால் ஒவ்வொரு தடவையும் சேவைக் கட்டணம் கழியும். அதனால் அடிக்கடி கொஞ்சமாக வாங்குவது நஷ்டம்.

செலவு கீசரில்தான் இருக்கிறது. 150 லிட்டர் கீசரைக் குளிர்ந்த நிலையிலிருந்து 40 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 7 யூனிட் போகும், 3 கிலோவாட் எலிமென்ட் என்றால் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல். இரண்டு பேர் குளிக்க அது நாள் முழுவதும் ஓடத் தேவையில்லை. டிபி போர்டில் (வீட்டின் மின் சுவிட்ச் பலகை) கீசர் சுவிட்ச் எது என்று கேட்டு, டைமர் இல்லை என்றால் விடியலில் போட்டுக் காலையில் அணையுங்கள். அந்த சுவிட்சைப் போட்டதும் எர்த் லீக்கேஜ் (மின்கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்தால் எலிமென்ட் பழுது. அதை மாற்றுவது வீட்டுக்காரர் வேலை, உங்கள் வேலை அல்ல.

சாட்ஸ்வொர்த்தில் வீட்டோடு ஒரு அவுட்பில்டிங் இருக்கிறது. பயிற்சிக்கு வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு விடலாம் என்று பார்க்கிறேன். போகச் சொல்லும்போது போகாவிட்டால் கரன்டை நிறுத்திவிடலாம் அல்லவா?
— ஓய்வுபெற்ற வாசகர், கிராஃப்டீன்

நிறுத்தக் கூடாது ஐயா. பூட்டை மாற்றக் கூடாது, தண்ணீரையும் அடைக்கக் கூடாது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஒருவரைக் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்ற இந்த நாட்டின் அரசியல் சட்டமே இடம் தரவில்லை. கரன்டை நிறுத்துவது வாடகைச் சட்டத்தில் தனிக் குற்றம். அந்தப் பெண் பிள்ளை தீர்ப்பாயத்துக்குப் போனால், பாக்கி வைத்தவள் அவள், குற்றவாளி நீங்கள் என்றாகிவிடும்.

உங்கள் பாதுகாப்பு முன்கூட்டியே செய்கிற காகிதத்தில் இருக்கிறது. தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டையும் எழுதுங்கள். முடிவுத் தேதி தாண்டியும் வாடகையை வாங்கினீர்கள் என்றால், அது அதே நிபந்தனையில் மாதாமாதம் ஓடுகிற வாடகையாக மாறும். அப்புறம் ஒரு மாத எழுத்து அறிவிப்பு தந்துதான் முடிக்க முடியும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள், "பாவம், இன்னும் ரெண்டு வாரம்" என்று பணத்தை வாங்கிக்கொண்டு. நீட்டிப்பதானால் புதுத் தேதி போட்டு ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஆர்.கே. கான் மருத்துவமனைக்கு நடந்து போகிற தூரம் என்றால் ஆள் கிடைப்பது கஷ்டமே இல்லை. அவசரப்படாமல் கட்டடத்துக்கு மாநகராட்சி ஒப்புதல் பெற்ற வரைபடம் இருக்கிறதா, மின் இணக்கச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்புதல் இல்லாத கட்டடத்தில் தீப்பிடித்தால் காப்பீட்டுக்காரர் கையை விரிப்பார், பெரிய வீட்டுக்கும் சேர்த்து. வாடகை வருமானத்தை வரிக் கணக்கில் காட்டுங்கள். மாட்டிறைச்சி சமைக்கக் கூடாது என்பது போன்ற வீட்டு விதி இருந்தால் பார்க்க வரும்போதே சொல்லி, ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். ஆனால் இன்ன மதத்தாருக்கு, இன்ன மொழிக்காரருக்கு விடமாட்டேன் என்று ஆளைத் தள்ளச் சட்டம் அனுமதிக்காது. ஜன்னல் கம்பிக் கதவின் சாவி இரவில் எங்கே தொங்கும் என்று முதல் நாளே காட்டிவிடுங்கள்.

பாயின்டில் பேசி முடித்த ஃபிளாட்டுக்கு பாடி கார்ப்பரேட் (கட்டட உரிமையாளர்கள் அமைப்பு) அனுமதி இல்லை என்கிறார்கள். உரிமையாளர் சம்மதித்தால் போதாதா?
— வாசகர், வெருலம்

போதாது. பல கட்டடங்களின் நடத்தை விதிகளில் குறுகிய வாடகைக்குத் தடையோ குறைந்தபட்சக் காலமோ இருக்கும். அபராதம் உரிமையாளருக்கு வரும், வாசலில் நுழைவு டேக் கிடைக்காமல் பெட்டியோடு நிற்பது நீங்கள். பணம் கட்டும் முன் மேலாண்மை ஏஜென்டிடமிருந்து இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இவர்கள் தங்கலாம் என்று ஒரு வரி மின்னஞ்சல் வாங்குங்கள். சாமான் ஏற்றும் நேரம், கார் நிறுத்த எண், விருந்தாளிக்கு நுழைவு எண் யார் தருவது என்பதையும் அதிலேயே கேட்டுவிடலாம். பால்கனியில் நெருப்பு மூட்டத் தடை இருக்கும். பூஜை விளக்கை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், சாம்பிராணியைப் புகை உணர்கருவிக்குக் கீழே போடாதீர்கள்.

புனித வெள்ளிக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு ஊரிலிருந்து பத்துப் பேர் வருகிறார்கள். பக்கத்தில் வீடு கிடைக்குமா?
— வாசகி, மியர்பேங்க்

கடைசி நேரத்தில் கிடைக்காது. அந்த நாட்களில் பல்லாயிரம் பேர் அங்கே கூடுகிறார்கள், ஈஸ்டர் விடுமுறைக் கூட்டமும் அதே வாரம்தான். பொங்கல் முடிந்ததும் பேசி வையுங்கள். பத்துப் பேருக்கு ஒரே வீடு தேடுவதைவிட அமன்சிம்டோட்டி பக்கம் விடுமுறை ஃபிளாட் இரண்டு எடுத்துக் காரில் வருவது நடக்கிற காரியம். தண்ணீர்த் தடை வந்தால் சமாளிக்க ஜோஜோ தொட்டி (தண்ணீர் சேமிக்கும் பிளாஸ்டிக் தொட்டி) உள்ள கட்டடமாகப் பாருங்கள், பத்துப் பேர் விரதக் குளியல் போட வேண்டுமே.

சென்னையிலிருந்து மிக்ஸியும் கிரைண்டரும் கொண்டுவந்தால் இங்கே ஓடுமா?
— வாசகர், டோங்காட்

ஓடும். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 16 ஆம்பியர் பெரிய மூன்று முள் ப்ளக் இங்கத்திய பழைய சாக்கெட்டில் அப்படியே பொருந்தும். சின்ன 6 ஆம்பியர் ப்ளக் பொருந்தாது, அதற்கு அடாப்டர் வேண்டும். புதுக் கட்டடங்களில் நெருங்கிய மூன்று சின்ன முள் சாக்கெட் மட்டும் இருக்கும் இடமும் உண்டு, அதற்கும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கிரைண்டர் கல்லைக் கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள்.